தாமதமாக வந்த மருந்தும் அதன்மேல் விழுந்த பழியும்

“மாத்திரையை எவ்வளவு வேணும்னாலும் கூட்டிக் குடுங்க டாக்டர், ஊசி மட்டும் வேண்டாம்.”

சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழுந்துவிடும். பேசுகிறவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம், களையெடுக்கப் போகிறவராக இருக்கலாம். வார்த்தை மாறும், கெஞ்சல் மாறாது. என் அத்தை இதை ஏழு வருடம் சொன்னார். மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம். களத்தில் நின்று நெல் அளப்பதிலிருந்து வேலியில் ஏறிய பாம்பை அடிப்பது வரை எதற்கும் பின்வாங்காத மனுஷி. நாலு மில்லிமீட்டர் ஊசிக்கு அவர் ஏன் அப்படி நடுங்கினார் என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரைக்கான தேடல் தொடங்கியது.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் தலைமையேற்று நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம், ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். இவர்களில் முதல் வகை நோயுள்ளவர்களுக்கு, பெரும்பாலும் சிறுவயதிலேயே நோய் வந்தவர்களுக்கு, இன்சுலின் இல்லாமல் உயிர் தங்காது. போடலாமா வேண்டாமா என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லை. கேள்வி எழுவது இரண்டாம் வகைக்காரர்களிடம்தான். மாத்திரையில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்து, ஒரு நாள் “இனி மாத்திரை மட்டும் போதாது” என்ற பேச்சைக் கேட்பவர்கள் அவர்கள்.

பயம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் பல பயங்கள் இருக்கின்றன. குத்தினால் வலிக்கும் என்பது ஒன்று. பழகிவிட்டால் விடாது என்பது ஒன்று. சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுந்துவிடுவோம் என்பது ஒன்று. நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அத்தை சொன்னது: “ஊசின்னு வந்துட்டா அப்புறம் என்னடா இருக்கு?”

அதாவது, ஊசி என்றால் கடைசிக் கட்டம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அத்தையிடம் கேட்டால் சாட்சி வைத்திருந்தார். எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஊசி ஆரம்பித்தார்கள், மூன்றாம் மாதம் கால் விரலை எடுத்தார்கள். நடுத்தெரு டீச்சருக்கு ஊசி ஆரம்பித்தார்கள், அந்த வருடமே டயாலிசிஸ். தம்பி சம்பந்திக்குக் கண் போனது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவரிடம் அது பொய் என்று எப்படிச் சொல்வது? பொய்யே இல்லை. வரிசைதான் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது.

காலில் புண் வந்து சீழ் பிடித்தால் உடம்பில் சர்க்கரை எகிறும். அறுவை சிகிச்சைக்கு முன் அதை வேகமாகக் கட்டுக்குள் கொண்டுவர இன்சுலினைப் போல நம்பகமான மருந்து வேறில்லை. எனவே விரலை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கிற ஒருவருக்கு ஊசி வந்து சேர்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால் பல மாத்திரைகளை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். அந்த இடத்தில் கைகொடுப்பது இன்சுலின். எனவே டீச்சருக்கும் ஊசி வந்து சேர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது ஊசியையும் அதற்குப் பின் நடந்ததையும் மட்டும். அதற்கு முந்தைய பத்து வருடம் ரத்தத்தில் ஏறிக் கிடந்த சர்க்கரை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வெள்ளம் வந்த பிறகு வந்து நிற்கிற படகைப் பார்த்து, படகு வந்ததால்தான் வெள்ளம் வந்தது என்று முடிவு கட்டியதைப் போல.

கண் விஷயத்தில் மட்டும் ஊர்ப் பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு, அதை மறைப்பது சரியல்ல. விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருக்கிறவருக்கு, நெடுநாள் உச்சத்தில் இருந்த சர்க்கரை மிக வேகமாக இறங்கினால், அந்தப் பாதிப்பு தொடக்கத்தில் கொஞ்சம் கூடலாம். நீண்டகால நோக்கில் கட்டுப்பாடு கண்ணைக் காக்கிறது என்பது உறுதி. ஆனாலும் ஊசி தொடங்கும் முன் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு: முதல் சில வாரங்கள் பார்வை மங்கலாகத் தெரியலாம். கண்ணின் லென்சில் நீர் அளவு மாறுவதால் வருவது அது, தானாகச் சரியாகிவிடும். புதுக் கண்ணாடிக்கு அளவு எடுப்பதாக இருந்தால் அதுவரை பொறுக்கலாம். இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பல பேர் பாதியில் ஊசியைத் தூக்கி எறிய மாட்டார்கள்.

இன்சுலின் எப்போதும் வரிசையின் கடைசியில் நின்ற மருந்து அல்ல. 1921 கோடையில் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும், மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் நாய்களின் கணையத்தை வைத்துச் சோதனை செய்தார்கள். ஜேம்ஸ் காலிப் அந்தச் சாற்றைச் சுத்திகரித்தார். 1922 ஜனவரி 11ஆம் தேதி, 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி. பையனின் எடை அப்போது 30 கிலோகூட இல்லை. அந்த முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. சுத்திகரித்த மருந்தை ஜனவரி 23ஆம் தேதி போட்ட பிறகு சர்க்கரை இறங்கியது, பையன் எழுந்து நடமாடினான். அதுவரை இந்த நோய்க்கு இருந்த வைத்தியம் பட்டினி. உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக இன்னும் சில மாதம் உயிரைப் பிடித்து வைப்பது. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் அப்படித்தான் 15 வயதை எட்டும் நேரத்தில் 20 கிலோ எடையில் டொரன்டோவுக்கு வந்து சேர்ந்தாள். ஊசி போடத் தொடங்கினாள். படித்தாள், திருமணம் செய்துகொண்டாள், மூன்று பிள்ளைகள் பெற்றாள், 1981 வரை வாழ்ந்தாள். வாழ்நாளில் அவள் போட்டுக்கொண்ட ஊசிகள் 42,000 இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்தத் தலைமுறைக்கு இன்சுலின் சாவின் அறிகுறியாகத் தெரியவில்லை. சாவிலிருந்து திரும்பி வரும் வழியாகத் தெரிந்தது. சென்னையில் மருத்துவர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோதுகூட, உணவுக் கட்டுப்பாட்டைத் தவிர கையில் இருந்த மருந்து இன்சுலின் ஒன்றுதான். மாத்திரைகள் புழக்கத்துக்கு வந்தது 1950களின் நடுவில். அங்கேதான் வரிசை மாறியது என்று நினைக்கிறேன். மாத்திரை முன்னால் வந்தது, ஊசி பின்னால் தள்ளப்பட்டது. ஒன்று போதாவிட்டால் இரண்டு, இரண்டு போதாவிட்டால் மூன்று, எதுவும் போதாவிட்டால் ஊசி. கடைசியில் கொடுக்கப்படும் மருந்து என்பது, கடைசி நிலைக்கான மருந்தாக மக்கள் மனதில் பதிந்துவிட்டது.

இந்தப் பதிவை ஆழப்படுத்தியதில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு, இதைச் சொல்லாமல் விட முடியாது. “அடுத்த தடவையும் சுகர் இப்படியே இருந்துச்சுன்னா ஊசி போட்டுடுவேன்” என்று எத்தனை அறைகளில் சொல்லப்படுகிறது! பள்ளிக்கூடத்துப் பிரம்பைப் போல ஊசியைக் காட்டி மிரட்டுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று வருடம் தண்டனை என்று சொல்லிவந்த ஒன்றை நாலாம் வருடம் மருந்து என்று சொன்னால் நோயாளி எப்படி ஏற்பார்? 2001இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் சுமார் 5,000 நோயாளிகளிடமும் மருத்துவர்கள், செவிலியர்களிடமும் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதைத்தான் காட்டியது. ஊசி தொடங்க வேண்டி வந்தால், தான் ஒழுங்காக மருந்து சாப்பிடாததன் விளைவு அது என்று நோயாளிகளே தங்களைக் குற்றவாளியாக்கிக்கொண்டார்கள். மறுபுறம், பொதுமருத்துவர்களில் பலரும் முடிந்தவரை ஊசியைத் தள்ளிப்போடவே விரும்பினார்கள். அப்படியானால் தாமதத்துக்கு இரண்டு கைகள். ஒன்று நோயாளியுடையது, மற்றொன்று மருந்துச் சீட்டு எழுதுகிறவருடையது.

உண்மையில் நோயாளியின் தப்பு இதில் எவ்வளவு? பிரிட்டனில் 1977 முதல் இருபது வருடம் நடந்த ஆய்வு ஒன்று உலகின் சர்க்கரை நோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேரை அது பின்தொடர்ந்தது. முடிவுகள் 1998இல் வந்தன. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களின் திறன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டிருந்தது. அதன்பின், என்ன மருந்து எடுத்தாலும், வருடத்துக்கு வருடம் அது சரிந்துகொண்டே போனது. அந்த ஆய்வின் ஒரு பகுதியில், கணையத்தைத் தூண்டும் சல்போனைல்யூரியா மாத்திரையில் தொடங்கியவர்களில் பாதிக்கும் சற்று மேலானவர்களுக்கு ஆறு வருடத்துக்குள் இன்சுலின் சேர்க்க வேண்டியிருந்தது. இவர்கள் எல்லாரும் இனிப்பைத் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டவர்கள் இல்லை. ஊற்று வற்றிக்கொண்டு வரும் கிணறு அது. எவ்வளவு கவனமாக இறைத்தாலும் ஒரு கட்டத்தில் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கும். நடையும் உணவுக் கட்டுப்பாடும் அந்த நாளைத் தள்ளிவைக்கும், அதனால் அவை கட்டாயம் வேண்டும். நாள் வந்துவிட்டால் அது யாருடைய தோல்வியும் ஆகாது. இதே ஆய்வுதான், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவில் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்ததையும் காட்டியது. அந்தக் குழுவில் இன்சுலின் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஊசி கண்ணையும் கிட்னியையும் கெடுக்கும் என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் 12,537 பேரை ஆறு வருடத்துக்கு மேல் கவனித்து 2012இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, நீண்டநேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினை முன்கூட்டியே தொடங்கியவர்களுக்கு மாரடைப்போ புற்றுநோயோ கூடவில்லை என்றும் உறுதி செய்தது.

எல்லாருக்கும் உடனே ஊசி என்பது என் வாதம் இல்லை. இன்று மாத்திரைகளில் பல வகைகள் உண்டு. எடையையும் குறைக்கிற, வாரம் ஒரு முறை போடுகிற செமக்ளூடைட் போன்ற வேறு ஊசிகள் வந்திருக்கின்றன. பலருக்கு இன்சுலினுக்கு முன் அவற்றைப் பார்க்கலாம் என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. (எடை குறைக்கும் ஊசியை மக்கள் தாங்களே விரும்பிக் கேட்கிறார்கள். குத்துவதுதான் பிரச்சினை என்றால் இது நடக்காது. இன்சுலின் என்ற பெயர் சுமக்கும் அர்த்தம்தான் பிரச்சினை.) ஆனால் சர்க்கரை 300ஐத் தாண்டி நிற்கும்போதும், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 10க்கு மேல் போயிருக்கும்போதும், காரணமில்லாமல் எடை இறங்கும்போதும் இன்சுலினைத் தள்ளிப்போடுவது ஆபத்து. அந்த எடை இறக்கத்தை “டயட் வேலை செய்யுது” என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு தன் தசையையே எரித்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

“ஒரு தடவை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே?” இந்தக் கேள்விக்குள் போதை என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. நம் எல்லார் உடம்பிலும் இந்த நிமிடம் இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பு தானே செய்வதற்கு உடம்பு எப்படி அடிமையாகும்? கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறி ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் பெரும்பாலோர் பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அறுவை சிகிச்சைக்காக, கடும் காய்ச்சலுக்காகத் தொடங்கியவர்கள் மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். சீனாவில் புதிதாக நோய் கண்ட 382 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பத்திலேயே சில வாரம் தீவிரமாக இன்சுலின் கொடுத்து நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. மாத்திரையில் தொடங்கியவர்களில் அப்படி இருந்தவர்கள் கால் பங்குக்குச் சற்று மேல். களைத்த கணையத்துக்கு ஓய்வு கொடுத்தால் அது கொஞ்சம் தேறுகிறது, சீக்கிரம் கொடுத்தால் இன்னும் தேறுகிறது. பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் தொடங்குகிறவரால் நிறுத்த முடியாமல் போகலாம். அதற்குக் காரணம் ஊசியின் பிடி கிடையாது. உள்ளே சுரப்பு மிச்சமில்லை என்பதுதான்.

வலியைப் பற்றி. நம் தாத்தா பாட்டிகள் பயந்தது நியாயமே. கண்ணாடி சிரிஞ்சு, எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொதிக்க வைத்த தடித்த ஊசி, முனை மழுங்கினால் கல்லில் தீட்டி மறுபடி அதே ஊசி. அந்த வலியின் கதைதான் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. 1985இல் பேனா வடிவ ஊசி வந்தது. இன்று அதில் பொருத்தும் முனை 4 மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டருக்கும் குறைவான பருமன். தசைக்குப் போவதில்லை, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்போடு நின்றுவிடும். சர்க்கரை பார்க்க விரல் நுனியில் குத்துவதுதான் இதைவிட வலிக்கும், விரல் நுனியில் நரம்பு முனைகள் அவ்வளவு அடர்த்தி. பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஜில்லென்று போட்டால் எரியும், கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகு குத்த வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு வயிற்றில், அல்லது தொடையில். ஒரே இடத்தில் தினமும் குத்தினால் அங்கே வலிக்காது என்று சிலர் அதையே பிடித்துக்கொள்வார்கள். அந்த இடம் கட்டி தட்டிப்போய் மருந்து ஒழுங்காக உள்ளே இறங்காது. பிறகு “ஊசியும் கேட்கல” என்பார்கள். பாதி நேரம் கேட்காதது அந்தக் கட்டிதான்.

வலியைவிடப் பயப்பட வேண்டியது அளவுக் குழப்பம். இதற்கு யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் என் கவலை. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு உண்டு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால்? 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மயக்கத்துக்கு அது போதும். மாறாக, 40 யூனிட் மருந்தை 100 சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் போவது 4 யூனிட். சர்க்கரை இறங்கவே இறங்காது, மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடலாம்.

சர்க்கரை தாழ்ந்துபோவது உண்மையான பயம். இதை “ஒண்ணும் ஆகாது” என்று தட்டிக்கழிக்கும் மருத்துவர் நோயாளியின் நம்பிக்கையை இழப்பார். 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பசி வயிற்றைக் கிள்ளும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், நினைவு தப்பும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும், நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இது விளையாட்டு இல்லை. ஆனால் இது ஊசிக்கு மட்டும் உரியது என்பது தவறு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. மாத்திரை என்பதால் யாரும் பயப்படாமல் விழுங்குகிறார்கள். நம் வீடுகளில் தாழ்சர்க்கரை வரும் விதமும் பெரும்பாலும் தெரிந்ததே. காலையில் 30க்கு 70 கலந்த ஊசியைப் போட்டாயிற்று. அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். அதற்குள் வாசலில் யாரோ வந்தார்கள், இட்லி வேகவில்லை, பேச்சு நீண்டது. அல்லது சஷ்டி விரதம், ரமலான் நோன்பு, அமாவாசைக்குப் படைக்கும் வரை சாப்பிடாமல் இருப்பது. ஊசி வழக்கம்போலப் போட்டு, சாப்பாட்டை மட்டும் நிறுத்தியிருப்பார்கள். விரதம் இருக்கப் போவதை மருத்துவரிடம் முன்பே சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இன்னும் ஏறாவிட்டால் இன்னொரு முறை. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இவ்வளவையும் ஊசி போடுகிறவருக்கு மட்டும் சொன்னால் போதாது. மயங்குகிறவர் அவர். காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் படுத்திருப்பவர்.

எடை கூடுமா? இரண்டு மூன்று கிலோ கூடலாம். சிறுநீரில் வீணாகப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை இப்போது உடம்பில் தங்குகிறது. சாப்பாட்டில் கவனம் இருந்தால் சமாளிக்கலாம். பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுப்பதாயிற்றே என்று சைவக்காரர்களும் இஸ்லாமியர்களும் கேட்பதுண்டு. ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. 1982 முதல் மனித இன்சுலின் பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் கொண்டு தயாரிக்கப்படுகிறது. தொட்டியில் வளர்க்கும் ‘இன்சுலின் செடி’ இலையில் இன்சுலின் கிடையாது, பெயர்தான் அப்படி. இருந்தாலும் பயன்படாது: இன்சுலின் ஒரு புரதம், சாதாரணமாக வாய் வழியாகப் போனால் வயிறும் குடலும் அதைப் பருப்பைப் போலச் செரித்துவிடும். அதனால்தானே ஊசியே வேண்டியிருக்கிறது. பாகற்காயும் சிறுகுறிஞ்சானும் சாப்பிடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றை நம்பி ஊசியை நிறுத்துவதுதான் உயிரோடு விளையாடுவது. முதல் வகைப் பிள்ளைகள் விஷயத்தில் ஓரிரு நாள் நிறுத்தினாலே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இனி, ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத ஒரு பயத்துக்கு வருகிறேன். என் அத்தை ஊசியைத் தள்ளிப்போட்ட ஏழு வருடத்தில் நான்கு வருடத்துக்குக் காரணம், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தது. “அம்மாவுக்கு ஊசி போடுறாங்கன்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வந்துடும்பாங்கடா.” அடுத்த மூன்று வருடத்துக்குக் காரணம் யாரையும் சார்ந்து நிற்க மனமில்லாதது. தினமும் மருமகளைக் கூப்பிட்டு வயிற்றைக் காட்ட வேண்டுமா என்ற கூச்சம். சர்க்கரை நோயுள்ள ஆண்களுக்கு ஊசி போட்டுவிடும் மனைவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மனைவிக்குப் போட்டுவிடும் கணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன் ஊசி போட ஒதுக்குப்புறமான இடம் தேடி, கிடைக்காமல், போடாமலே சாப்பிட்டுவிட்டு வரும் பெண்கள் எத்தனை பேர்! இவர்களுடைய பயம் மருத்துவப் பாடத்தால் தீராது. வீடு மாறினால் தீரும்.

கிராமத்தில் மருந்தை எங்கே வைப்பது என்பதும் பயம்தான். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், அதாவது பிரிட்ஜின் கீழ்த்தட்டு. ஐஸ் கட்டும் பெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். உபயோகத்தில் உள்ளதை நேரடி வெயிலும் கடும் சூடும் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வைத்திருக்கலாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, மணலை நனைத்துவைத்தால் உள்ளே வெப்பம் கணிசமாகக் குறையும். மருந்தைத் தண்ணீர் படாமல் உறைக்குள் போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். முதல் ஊசியைச் சொல்லித் தர அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? கூட்டம் நெரியும் வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்து அனுப்புவதற்கும், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து “நீங்களே போடுங்க, நான் பார்க்கிறேன்” என்பதற்கும் உள்ள தூரம்தான் பல பேருக்கு வருடங்களாக நீள்கிறது.

அத்தைக்கு அது நடந்தது ஒரு செவிலியரால். பேச்சே கொடுக்காமல் முதலில் தன் வயிற்றில் மருந்தில்லாத ஊசியைக் குத்திக் காட்டினார். முனையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிய முனை மாட்டி அத்தை கையில் கொடுத்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். “போட்டாச்சா?” என்று கேட்டார். “நீங்கதானே போட்டீங்க” என்றார் அந்தப் பெண். அன்று இரவு 10 யூனிட்டில் தொடங்கியது. பொதுவாக அப்படித்தான் தொடங்குகிறார்கள், இரவில் ஒரு ஊசி, குறைந்த அளவு. காலை வெறும்வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து மருத்துவர் சொல்லும்படி சில நாளுக்கு ஒருமுறை இரண்டு இரண்டு யூனிட்டாக ஏற்றுவார்கள். அத்தைக்கு 12இல் நின்றது. பத்து நாளில் இரவில் நான்கு முறை எழுந்து போவது ஒரு முறையாகக் குறைந்தது. மூன்றாம் மாதம் கால் எரிச்சல் குறைந்தது. “இதை முன்னாலேயே போட்டுத் தொலைச்சிருக்கலாமேடா” என்றார். அதற்குள் வலது கண்ணின் விழித்திரை பெரும்பகுதி போயிருந்தது. இடது கண்ணுக்கு லேசர் வைத்து மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பேனாவின் சின்னக் கண்ணாடியில் ஓடும் எண் அவருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கூடத்தில் உட்கார்ந்து, களத்தில் மரக்காலால் நெல் அளந்த அதே குரலில் எண்ணுகிறார்: லாபம், ரெண்டு, மூணு, நாலு… பன்னிரண்டு வந்ததும் பேனாவைப் பேத்தியிடம் நீட்டுவார். அவள் எண்ணைப் பார்த்து, “சரியா இருக்கு ஆத்தா” என்று சொன்ன பிறகுதான் சேலையை ஒதுக்குவார்.